மைனஸ் முப்பத்தொன்றில் ஒரு மஃப்ளர்

யோர்க்டன் ஊரில், தானியக் கிடங்குக்கு எதிரே,
ஹ்னாட்டியுக் ஒர்க்‌ஷாப் கதவில் ஒரு தகரப் பெட்டி.
ராத்திரியில் காரை விட்டுப் போகிறவர்கள்
சாவியை உறையிலிட்டு, மேலே
நோயை எழுதிப் போட வேண்டும்.
காலை ஏழரைக்கு அதைத் திறப்பது என் வேலை.
சம்பளம் குறைவு. வாசிப்பு நிறைவு.

"எனக்கு அவசரமாக பிரேக் வேண்டும்.
மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன்."
பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ட்வைலாவின் கையெழுத்து.
காருக்கா, அவளுக்கா என்கிற மாதிரி
ஓரெஸ்ட் என்னைப் பார்த்தான்.
இரண்டுக்கும் டிக் போட்டேன்.

"அலிகேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை."
இந்தக் குளிரில்
எந்த முதலைதான் ஏற்றும்?

"கத்தோலிக் கன்வெர்ட்டரை யாரோ
ராவோடு ராவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."
ஓரெஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"நாங்கள் ஆர்த்தடாக்ஸ்.
பாதிரியாரைப் பார்க்கச் சொல்."
நானும் போனில் அதை அப்படியே சொல்லித் தொலைத்தேன்.
மத்தியானம் பாதிரியார் கூப்பிட்டார்.

டெல்மர் ஃபிரீசன் எழுதுகிற ஜாதி இல்லை.
நேரில் வந்து நடித்துக் காட்டுவார்.
கவுண்டரை இரு கையால் பிடித்து, கன்னம் உப்பி,
ங்ங்ர்ர்ர்... டொக்.
ங்ங்ர்ர்ர்... டொக்.
"வாத்துக்கு விக்கல் வந்த மாதிரியா?"
"இல்லை, வாத்தை விழுங்கினவனுக்கு."
ஓரெஸ்ட் வண்டியை எடுத்துக்கொண்டு
ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினான்.
மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல
கார் வாயே திறக்கவில்லை.
டெல்மர் மட்டும் காபி மெஷின் பக்கத்தில்
இன்னமும்
டொக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த ஜனவரி.
மூக்கைச் சிந்தினால் சில்லென்று உடையும் காலை.
உறையில் கோணல்மாணலாக:
"மஃப்ளர் காணோம். சிவப்பு.
அடியில் நன்றாகத் தேடவும்.
வெர்னா பிலிப்சுக்."

மஃப்ளர் என்றால் எங்கள் கடையில்
காரின் அடிவயிற்றில் தொங்குகிற,
புகையின் வாயைப் பொத்துகிற இரும்பு உருளை.
ஓரெஸ்ட் காரை உயரத் தூக்கினான்.
காணோம் என்று எழுதியது கண்ணெதிரே தொங்கியது.
தட்டினான். முகர்ந்தான். காது வைத்தான்.
"சிவப்பு என்று எழுதியிருக்கிறாளே,
துருவைச் சொல்கிறாள் பாவம்" என்று
நாற்பது நிமிஷம் கம்பித் தூரிகையால் சுரண்டினான்.
ஓட்டையில்லை, ஒழுக்கில்லை, ஒரு குறையுமில்லை.

நான் போன் போட்டேன்.
"மேடம், உங்கள் மஃப்ளர் அதனிடத்தில்தான் இருக்கிறது."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
தடவிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.
"என் கழுத்தில் இல்லையே!"

டிரைவர் சீட்டுக்கு அடியில்
மிட்டாய்க் காகிதம் நாலு, ஒற்றைக் கையுறை,
இவற்றோடு சுருண்டு கிடந்தது கம்பளி,
நல்ல ரத்தச் சிவப்பு.
ஓரெஸ்ட் அதை உதறி நாலாய் மடித்து
முன் சீட்டில் வைத்தான்.
காரைத் தானே ஓட்டிப் போய்
அவள் வாசலில் நிறுத்தினான்.
சாவியைத் தபால் துவாரத்தில் போட்டுவிட்டு
கண்ணாடித் துடைப்பானில் பில்லைச் செருகினான்.
பெரிய மனசு அவனுக்கு, பெரிய எழுத்தும்.
"மஃப்ளர் கிடைத்தது. சார்ஜ் இல்லை."

நாலாம் நாள் வெர்னா கடைக்கு வந்தாள்,
நடந்து.
கண்ணிமையில் பனி, கண் வரைக்கும் சிவப்புக் கம்பளி.
"சார்ஜ் இல்லாத காரைக் கொண்டுவந்து
வாசலில் விட்டுவிட்டுப் போவதா?
கிளப்பிப் பார்க்கவே பயம்.
மளிகைக்கு, சர்ச்சுக்கு, பல் டாக்டருக்கு
எல்லாம் நடைதான்.
ஏதோ இந்த மஃப்ளர் இருந்ததோ,
பிழைத்தேன்."